34 டிகிரியில் கோழி ஏன் சாகிறது?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கத்தில் எங்கள் ரப்பர் விளையின் நடுவே ஷெட் போட்டு, கம்பெனிக்காகக் கறிக்கோழி வளர்க்கிறேன். 100 அடி நீளம், 24 அடி அகலம், மேலே சிமென்ட் ஷீட். இந்தத் தடவை 2,400 குஞ்சு இறக்கினேன். 36 நாளில் எல்லாம் 2 கிலோ பக்கம் வந்துவிட்டது. சித்திரை இரண்டாம் வாரம் ஒரு நாள், மத்தியானம் 34 டிகிரிதான். பல்லடத்தில் பண்ணை வைத்திருக்கும் கொழுந்தன் சொன்னதால் மாசியில், புகைபோலப் பொடித் துளியாகத் தண்ணீர் தெளிக்கும் ஃபாகர் போட்டிருந்தேன். காலை 11 மணிக்கே அதை ஓட விட்டேன். நாலு பக்கமும் நனைந்த சாக்கு கட்டினேன். எடை போட ஆள் வருவார்கள் என்று மத்தியானம் தீவனமும் நிறைய வைத்தேன். மூன்றரை மணிக்கு ஒரு மழை பெய்தது, கரண்டும் போனது. மழை வந்துவிட்டதே, இனிப் பயமில்லை என்றுதான் நினைத்தேன். நாலரைக்கும் எட்டுக்கும் நடுவில் 140 கோழி செத்துவிட்டது. எல்லாம் பெரிய பெரிய சேவல், தீனிப்பை நிறையத் தீவனம். பல்லடத்தில் 39 டிகிரி அடிக்கிறது, அங்கே சாகவில்லை. எங்கள் முற்றத்து நாட்டுக்கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை. சூப்பர்வைசர் என் கவனக்குறைவு என்கிறார். அன்று ராத்திரியே ஒருவர் வந்து செத்ததைப் பாதி விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. நஷ்டத்தை நினைத்தால், கொடுத்திருக்கலாமோ என்று இருக்கிறது. அடுத்த குஞ்சு வைகாசித் தொடக்கத்தில் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கவா, ஆடி வரை ஷெட்டைச் சும்மா போடவா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செத்த கோழியைக் கொடுக்காமல் விட்டீர்களே, அது சரியான முடிவு. மனசைப் போட்டு உழப்ப வேண்டாம். காரணத்தைப் பின்னால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததற்கான காரணம் முழுவதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஃபாகர், நனைந்த சாக்கு, மத்தியானத் தீவனம், மழை, கரண்ட் என்று நீங்கள் எழுதிய வரிசையிலேயே அது நடந்திருக்கிறது. நம் மாவட்டத்தில் கோழி வளர்ப்பவர்கள் எல்லோரும் வெயிலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், மழை இருட்டினால் நிம்மதி அடைகிறார்கள். நம்மூரில் ஆபத்து வெயிலைவிடப் புழுக்கத்தில்தான் அதிகம். கோழிக்கு மேலே காற்று அசையாமல் நின்றுபோகிற நேரம்தான் நாம் பயப்பட வேண்டிய நேரம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். அதற்கு மேல் 4, 5 டிகிரி ஏறினால் பிழைப்பது கடினம். வெளிக்காற்று 25 டிகிரிக்குள் இருக்கும்போது கொண்டை, தாடை, கால், இறக்கைக்கு அடியில் உள்ள தோல் வழியாகவே சூட்டை வெளியே விட்டுவிடும். வெக்கை கூடக் கூட அந்த வழி அடைபடும். 30 தாண்டினால் அதற்குப் பெரும்பாலும் மிஞ்சுவது வாய் ஒன்றுதான். வாயைத் திறந்து, தொண்டை துடிக்க மூச்சிரைக்கும். நிமிடத்துக்கு 25, 30 தடவை மூச்சு விடும் கோழி 150 தடவைக்கு மேல் போகும். மூச்சுக்குழாயின் ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் கொண்டுபோகிறது.

காற்றில் ஏற்கெனவே ஈரம் ஊறியிருந்தால் இந்த வேலை நடக்காது. இடவப்பாதியில், அதாவது ஜூன் மழைக்காலத்தில், கொடியில் போட்ட துணி வெளியே எவ்வளவு சூடு இருந்தாலும் காயாமல் கிடக்கிறதல்லவா, கோழியின் தொண்டை ஈரமும் அப்படித்தான் போக இடமில்லாமல் நின்றுவிடும். கோழி இன்னும் வேகமாக இரைக்கும். அந்த இரைப்பே தசைக்கு வேலை, அதனால் இன்னும் சூடு. கூடவே ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய், ரத்தம் காரத்தன்மை ஏறி, உப்புச் சமநிலை குலைகிறது. பொட்டாசியம் சிறுநீரோடு போகிறது. கடைசியில் இதயம் நிற்கிறது. கால் நீட்டி, மல்லாந்தோ நெஞ்சு குப்புறவோ கிடந்திருக்கும்.

பல்லடத்துக் கணக்குக்கு வருவோம். கோழிப் பண்ணையில் நாங்கள் பயன்படுத்தும் ஒரு எளிய கூட்டல் இருக்கிறது. சூட்டை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, அதோடு காற்றின் ஈரப்பதச் சதவீதத்தைக் கூட்ட வேண்டும். 155க்குள் நின்றால் கவலை இல்லை. 160 தாண்டினால் கோழி தீவனத்தைக் குறைக்கும். 165க்கு மேல் எடை நிற்கும். 170 தாண்டினால் சாவு தொடங்கும். பல்லடத்தில் 39 டிகிரி என்றால் 102 ஃபாரன்ஹீட். கோடையில் மத்தியானம் அங்கே காற்று காய்ந்து கிடக்கும். ஈரப்பதம் 30 என்று வைத்தாலும் கூட்டினால் 132. உங்கள் ஷெட்டில் 34 டிகிரி, அதாவது 93. ஃபாகர் ஓடி, சாக்கு கட்டிய ஷெட்டில் ஈரப்பதம் 75க்குக் குறைந்திருக்க வாய்ப்பில்லை. கூட்டினால் 168. மழைக்குப் பிறகு சூடு 30க்கு இறங்கியிருக்கும், அது 86. ஆனால் ஈரப்பதம் 90ஐத் தொட்டிருக்கும். கூட்டுங்கள், 176 வருகிறது. மத்தியானத்தைவிட மழைக்குப் பிந்திய சாயங்காலம் உங்கள் கோழிக்குக் கொடியதாக இருந்தது இப்படித்தான்.

இது தோராயக் கணக்கு. மிகக் கடுமையான வறண்ட வெயிலில், 43, 44 டிகிரியில், கூட்டுத்தொகை குறைவாக இருந்தும் கோழி சாகும். அந்தச் சூடு நம் மாவட்டத்துக்கு வருவதில்லை. கடலை ஒட்டி இருக்கிற நம்மூருக்கு இந்தக் கூட்டல் நன்றாகவே பொருந்துகிறது. ஈரப்பதமும் சூடும் சேர்ந்து காட்டும் டிஜிட்டல் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி, தரையில் பரப்பிய கூளத்துக்கு மேலே ஒரு அடி உயரத்தில், கோழி மூச்சு விடுகிற இடத்தில் மாட்டுங்கள். நம் முகத்து உயரத்தில் மாட்டினால் அது நமக்கான அளவைத்தான் காட்டும்.

ஃபாகரை உங்கள் கொழுந்தன் தவறாகச் சொல்லவில்லை. அவருடைய ஊருக்கு அது நல்ல ஏற்பாடு. வறண்ட காற்றில் பொடித் துளி உடனே ஆவியாகி ஷெட்டின் சூட்டைக் குறைக்கும். ரப்பருக்கு நடுவில் இருக்கும் உங்கள் ஷெட்டில் அந்தப் புகைமூட்டம் ஆவியாக இடமில்லாமல் காற்றிலேயே தங்கி, கோழியின் ஒரே வழியையும் அடைத்துவிட்டது. நனைந்த சாக்கும் இரண்டு கெடுதல் செய்தது. ஈரத்தைக் கூட்டியது, வருகிற கொஞ்சக் காற்றையும் தடுத்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில், அதிலும் குளச்சல் முதல் குலசேகரம் வரையுள்ள மேற்குப் பகுதியில், வேகமான ஃபேன் இல்லாத ஷெட்டில் ஃபாகர் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஃபேன் இருந்தாலும், ஈரப்பதம் 65க்கு மேல் இருந்தால் ஃபாகரை நிறுத்தி வையுங்கள். வாங்கிய காசு போகட்டும் என்று கழற்றி எறிய வேண்டாம், அந்தக் குழாயையே கூரைக்கு மேலே ஏற்றிவிடலாம். சிமென்ட் ஷீட்டின் மேல் காலை 11 மணி முதல் 4 மணி வரை விட்டு விட்டுத் தண்ணீர் தெளித்தால் அது அங்கே ஆவியாகி ஷீட்டைக் குளிர வைக்கும். வழிகிற தண்ணீர் ஷெட்டுக்குள் சாரலாக வராமல் வடிகாலுக்குப் போகும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரைக்கு வெள்ளை அடிப்பதும் நல்லது. சுண்ணாம்பில் பசை கலந்து மாசி மாதமே அடித்துவிட வேண்டும். சிலர் ஷீட்டுக்கு மேல் தென்னை ஓலை பரப்புகிறார்கள். சூடு நன்றாகக் குறையும். கரண்ட் ஒயர் ஓலையைத் தொடாமல் பார்க்க வேண்டும், காய்ந்த ஓலை ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

இனி காற்று. இதில்தான் உங்கள் காசும் கவனமும் முதலில் போக வேண்டும்.

ரப்பர் மரம் தை, மாசியில் இலை உதிர்த்து, கோடை தொடங்கும் நேரத்தில் புது இலை விட்டு அடர்ந்துவிடுகிறது. நிழல் கிடைக்கிறது என்பதால் ரப்பர் விளைக்குள் ஷெட் போடுவது நம்மூரில் வழக்கமாகிவிட்டது. நிழல் லாபம்தான். ஆனால் அந்த அடர்த்தி காற்றையும் நிறுத்துகிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கணவாய்க் காற்று வீசும் நாளில் இதே 34 டிகிரியில் கோழி கொஞ்சம் இரைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். உங்கள் விளையில் இலையே அசைந்திருக்காது. மேலும் சாயங்காலம், கடல்காற்று ஓய்ந்து கரைக்காற்று எழும்பும் முன், ஒன்றிரண்டு மணி நேரம் காற்று முழுவதும் நின்றுபோகும். மத்தியானம் முழுக்கச் சூட்டைச் சேர்த்து வைத்த கோழி அந்த நேரத்தில்தான் விழுகிறது. வெக்கைச் சாவு பெரும்பாலும் உச்சி வெயிலில் வராமல் சாயங்காலத்தில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2 கிலோ கோழி ஒன்று 10 வாட்டுக்கு மேல் சூட்டை வெளியிடுகிறது. 2,400 கோழி என்றால் 24 கிலோவாட்டுக்கு மேல், ராப்பகலாக, உங்கள் ஷெட்டுக்கு உள்ளேயே உற்பத்தியாகிறது. அதை வெளியே தள்ளுவதற்குக் காற்றைத் தவிர ஆள் கிடையாது.

அதற்காக மரத்தை வெட்டச் சொல்லவில்லை. ஷெட்டைச் சுற்றி 25, 30 அடிக்குள் இருக்கும் கீழ்க்கிளைகளைக் கழியுங்கள். களைச்செடி, வாழைக்கன்று, அடுக்கி வைத்த விறகு எதுவும் ஷெட்டின் பக்கவாட்டை மறைக்கக் கூடாது. தூர்களுக்கு நடுவே காற்று தாழ்வாக வந்து கோழியின் மேல் போகட்டும். பிறகு ஃபேன். 36 அங்குல ஃபேன் ஒன்று ஏறத்தாழ 30, 35 அடிக்குக் காற்றைத் தள்ளும். உங்கள் 100 அடிக்கு ஒரு வரிசையில் 3 என்று, இரண்டு வரிசையாக வைக்கலாம். எல்லாம் ஒரே திசையைப் பார்த்து, ஒன்று தள்ளுவதை அடுத்தது வாங்கித் தள்ளும்படி இருக்க வேண்டும். எதிரெதிரே வைத்தால் நடுவில் காற்று செத்துவிடும். தரையிலிருந்து 3 அடி உயரத்தில், முகம் லேசாகக் கீழ்நோக்கி இருக்கட்டும். கூரையில் தொங்கும் வீட்டு ஃபேன் இதற்கு உதவாது. கோழி மேல் படும் காற்றின் வேகம் நொடிக்கு 2 மீட்டர் இருந்தால், அதே வெக்கையைக் கோழி பல டிகிரி குறைவாக உணரும்.

ஃபேனை நம்பினால் ஜெனரேட்டரையும் நம்பித்தான் ஆக வேண்டும். கோடை மழை, இடி, ரப்பர்க் கிளை ஒடிந்து ஒயரில் விழுவது, கரண்ட் போவது எல்லாம் நம்மூரில் ஒரே சாயங்காலத்தில் சேர்ந்து வரும். சொந்தமாக வாங்க முடியாவிட்டால் பக்கத்துப் பண்ணைக்காரர்களோடு பங்கு சேருங்கள், அல்லது பங்குனி, சித்திரை, வைகாசிக்கு வாடகைக்கு எடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். டீசல் இருக்கிறதா என்று கரண்ட் போன பிறகு பார்க்கக் கூடாது. அன்றைக்கு உங்களிடம் ஒரு ஜெனரேட்டரும் நாலு ஃபேனும் இருந்திருந்தால் 140இல் பெரும்பங்கு பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

தீவனம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாசத்தில் செய்யும் தவறு இதுதான். கோழி தின்ற தீவனம் செரிக்கும்போது உடம்புக்குள் சூடு பிறக்கிறது. தின்று 4, 5 மணி நேரத்தில் அந்தச் சூடு உச்சத்துக்கு வரும். நீங்கள் மத்தியானம் வைத்த தீவனத்தின் சூடு, சரியாக மழை பெய்து காற்று நின்ற நேரத்தில் உள்ளே எழும்பியிருக்கிறது. ஐந்தாவது வாரம் ஆன கோழிக்கு, வெக்கை நாளில், காலை 9 மணிக்குத் தீவனப் பாத்திரத்தைத் தூக்கிக் கட்டிவிடுங்கள். சாயங்காலம் கோழி வாயை மூடி, இறக்கையைச் சேர்த்துக்கொண்ட பிறகு இறக்குங்கள். மணியைப் பார்க்காமல் கோழியைப் பார்த்து இறக்க வேண்டும், அது ஆறு மணி ஆனாலும் ஏழரை ஆனாலும். எல்லாப் பாத்திரத்தையும் ஒரே நேரத்தில் இறக்குங்கள். ஒரு ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினால் பசியோடு ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். விடியற்காலை 3, 4 மணிக்கு விளக்கைப் போட்டால் அந்தக் குளிர்ச்சியில் நன்றாகத் தின்னும். எடை குறைந்துவிடுமே என்று பயப்படுவீர்கள். மத்தியானம் வைத்தாலும் வெக்கையில் அது சரியாகத் தின்னப் போவதில்லை. தின்றதோ அன்றைக்கு ஆபத்தாக முடிந்தது.

தீவனம் கம்பெனி தருவது என்பதால் அதில் நீங்கள் கை வைக்க முடியாது. ஆனால் ஒன்று கேட்கலாம். ரத்தக்கழிச்சலுக்காகத் தீவனத்தில் கலக்கும் மருந்துகளில் நிகார்பசின் என்று ஒன்று உண்டு. வெக்கைக் காலத்தில் அது கோழியின் தாங்கும் சக்தியைக் குறைத்துச் சாவைக் கூட்டும். கோடைத் தீவனத்தில் அது இருக்கிறதா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். தெரிந்துகொள்ள வளர்ப்பவருக்கு உரிமை உண்டு.

சூப்பர்வைசர் சொன்ன கவனக்குறைவு என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். ஃபாகர் வாங்கி, சாக்கு நனைத்துக் கட்டி, பக்கத்திலேயே நின்றவரை அப்படிச் சொல்லக் கூடாது. உங்களிடம் இருந்தது வேறு ஊரின் அறிவுரை. கோடையில் 2,400 சதுர அடிக்கு 2,400 குஞ்சு இறக்கியபோதே, கோழிக்கு 1.2 சதுர அடி வேண்டும், 2,000 போதும் என்று கம்பெனி ஆள்தான் சொல்லியிருக்க வேண்டும். எடை போட வரும் நாளில் மத்தியானத் தீவனம் வேண்டாம் என்பதையும் அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். இதை அவரிடம் மரியாதையாக, எழுத்திலேயே கேளுங்கள். வளர்ப்புக் கூலியில் பிடித்தம் செய்யும்போது அந்த எழுத்து உதவும்.

தண்ணீர். 2 கிலோ கோழி சாதாரண நாளில் கால் லிட்டருக்குச் சற்று மேலே குடிக்கும். வெக்கையில் இரண்டு மடங்கு ஆகும். உங்கள் ஷெட்டுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும். இதில் பலரும் பார்க்காத விஷயம் தண்ணீரின் சூடு. கறுப்புத் தொட்டி வெயிலில் நின்றால் மத்தியானம் குழாயில் வெந்நீர்தான் வரும். 30 டிகிரிக்கு மேல் சுட்டால் கோழி அலகைத் தொட்டுவிட்டு விலகிவிடும். தொட்டியை மர நிழலுக்கு மாற்றுங்கள், ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். சாக்குக்கு அதுதான் சரியான இடம். கோழி அலகால் தட்டிக் குடிக்கும் நிப்பிள் குழாயில் தேங்கிய தண்ணீரை 12 மணிக்கும் 3 மணிக்கும் திறந்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் பிடியுங்கள். உப்புச்சத்துக் கலவையும் வைட்டமின் சியும் வெக்கை தொடங்கும் முன், காலைத் தண்ணீரிலேயே கொடுக்க வேண்டும். கோழி தன் உடம்பிலேயே வைட்டமின் சி செய்துகொள்ளும், வெக்கையில் அது போதாமல் போகிறது. மோரும் கருப்பட்டித் தண்ணீரும் நிப்பிள் குழாயில் விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

கூளம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மத்தியானம் அதைக் கிளறவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு நாள் சாயங்காலம் கோழிகள் கழுத்தை நீட்டி, இறக்கையை விரித்து, இரைக்கத் தொடங்கினால் என்ன செய்வது? முதலில் சாக்கு, திரை, தார்ப்பாய் எல்லாவற்றையும் அவிழ்த்து நாலு பக்கமும் திறந்துவிடுங்கள். ஃபேன் ஓடினால், கோழியின் தலை, முதுகு நனையும்படி பெரிய துளியாகத் தண்ணீர் தெளிக்கலாம். காற்றில் தங்கும் பொடித் துளி வேறு, தோலில் விழும் பெரிய துளி வேறு. ஓடும் காற்றில் நனைந்த கோழி வேகமாகக் குளிரும். ஃபேன் ஓடவில்லை என்றால் தெளிக்க வேண்டாம். உட்கார்ந்து கிடக்கும் கோழிக்கு அடியில் சூடு அடைந்து கிடக்கும். இரைப்பு கடுமையாகும் முன்பே, மெதுவாக நடுவில் நடந்து எழுப்பி விட்டுக்கொண்டே இருந்தால் அது வெளியேறும். இரைப்பு முற்றிய பிறகு விரட்டினால் அந்த ஓட்டத்திலேயே விழும். சாவு நின்ற பிறகும் ஒரு வாரம் கவனம் வேண்டும். வெக்கையில் ரத்தம் தோலுக்குப் போய்விடுவதால் குடல் ரத்தம் குறைந்து புண்ணாகிறது, கிருமி உள்ளே புகுகிறது. இரண்டு மூன்று நாள் கழித்துக் கழிச்சல் வந்தால் அதுதான் காரணம். சொந்தமாக ஆன்டிபயாடிக் வாங்கி ஊற்றாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாட்டுக்கோழி பற்றிய கேள்விக்கு: அது எடை குறைந்தது, மெதுவாக வளர்வது, நிழலைத் தேடிப் போகக் கால் உள்ளது. கறிக்கோழியை நாம் வேறு ஒரு உயிராகவே மாற்றிவிட்டோம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56 நாளில் பழைய இனம் 905 கிராம், புதியது 4,202 கிராம். அந்த வேகத்தில் சதை வைக்கிற உடம்பில் பிறக்கும் சூடும் அந்த அளவு. இதயமும் நுரையீரலும் அதே வேகத்தில் பெரிதாகவில்லை. அதனால்தான் பெரிய சேவல்கள் முதலில் விழுந்தன. உங்கள் கோழிகளில் நன்றாக வளர்ந்தவைதான் செத்தன.

செத்த கோழிக்கு வருகிறேன். தானாகச் செத்த கோழியில் ரத்தம் வடிந்திருக்காது. புழுக்கத்தில், தீனிப்பையும் குடலும் நிறைந்து கிடக்கும் உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் பெருகிவிடும். அது வெக்கையில் செத்ததா, நோயில் செத்ததா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, தின்கிறவருக்கும் தெரியாது. அதை விற்பது குற்றம். யாராவது அடுத்த தடவை கேட்டாலும் இதே பதிலைச் சொல்லுங்கள். 140 கோழி 280 கிலோ வரும். கிணறு, ஓடை, குளத்துக்கு எட்டத்தில், ஐந்தாறு அடி ஆழக் குழியில், சுண்ணாம்பு போட்டு மூடியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்மூரில் வீட்டுக்கு வீடு கிணறு இருப்பதால் குழியின் இடத்தை ஷெட் போடும்போதே முடிவு செய்ய வேண்டும்.

குழியில் போடும் முன் இரண்டு மூன்று கோழியைக் கால்நடை மருந்தகத்தில் அறுத்துப் பார்க்கச் செய்வது எப்போதும் நல்லது. வெக்கைச் சாவு சூடு இறங்கியதும் நின்றுவிடும், பெரிய கோழியாகத்தான் எடுக்கும், தீனிப்பை நிறைந்திருக்கும், நெஞ்சுச் சதை வெந்ததுபோல் வெளுத்திருக்கும். விடிந்த பிறகும் சாவு தொடர்ந்தால், பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல், முகவீக்கம் இருந்தால் அது வேறு. வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். 2021 தொடக்கத்தில் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளில் அது வந்தபோது எல்லையில் இருக்கும் நாம் எவ்வளவு பதறினோம் என்பது நினைவிருக்கும். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் ஷெட்டை விட்டு ஒன்றும் வெளியே போகாமல் உடனே கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

கோழி பிடிப்பதையும் இரவு 10 மணிக்கு மேல், விடியும் முன் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போகும் லாரி வெயிலில் நின்றால் கூண்டுக்குள்ளேயே சாகும். பிழைத்ததின் கறியும் வெளுத்து, நீர் விட்டு, சீக்கிரம் கெட்டுப்போகும்.

கடைசிக் கேள்வி. ஆடி வரை சும்மா போட வேண்டாம். குஞ்சுக்கு முதல் வாரம் 32, 33 டிகிரி சூடு தேவை. கோடை அதற்குத் தொந்தரவு இல்லை, கரியும் கரண்டும்கூட மிச்சம். ஆபத்து நாலாவது வாரம் முடிந்த பிறகுதான். வைகாசித் தொடக்கத்தில், அதாவது மே நடுவில் இறக்கும் குஞ்சு ஐந்தாவது வாரத்தைத் தொடும்போது ஜூன் நடுப்பகுதி ஆகியிருக்கும். வழக்கமாக ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை நம் பக்கம் வந்துவிடும், காற்றும் இருக்கும். ஈரக் கூளமும் அமோனியா வாடையும் அப்போது வேறு தொந்தரவு, அதைத் திரையாலும் கூளத்தை அடிக்கடி மாற்றுவதாலும் சமாளிக்கலாம். மே முதல் வாரத்திலேயே தருகிறோம் என்று அவசரப்படுத்தினால் மட்டும் மறுத்துவிடுங்கள். 2,000க்கு மேல் வாங்காதீர்கள். குஞ்சு வரும் முன் ஃபேன் மாட்டி, ஜெனரேட்டருக்கு ஏற்பாடு செய்து, ஈரமானியை வாங்கி மாட்டிவிடுங்கள். பருவமழை தள்ளிப்போய், நாலாவது வாரத்திலும் கூட்டுத்தொகை 165க்கு மேலேயே நின்றால், கம்பெனியிடம் சொல்லி 32, 33 நாளிலேயே பெரிய சேவல்களை மட்டும் பிரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மீதிக் கோழிக்கு இடமும் காற்றும் கிடைக்கும்.